பூண்டு காட்டும் வழி: பெயர்மறை வலையிற் புகுவார்க்குச் சில சொற்கள்

(பழனிமலைத் தொடரில், பூம்பாறையை அடுத்த சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த மாலைக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

முப்பது ஆண்டுகளாய்த் தொல்காப்பியமும் திருக்குறளும் கற்பித்து வருபவன் யான். அத்தகையவன் கணினியைப் பற்றிப் பேசப் புகுவது உங்களுட் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். அச்சுப்பொறி இந்நாட்டுக்கு வந்தபோது அதனைத் தீண்டேன் என்று ஒதுங்கியிருந்தோர் ஏட்டுச்சுவடிகளைக் காத்தாரல்லர். ஓலையிற் கிடந்தவற்றைத் தேடித் தாளில் ஏற்றிய சி.வை. தாமோதரனாரும் உ.வே. சாமிநாதருமே பழைய நூல்களை நமக்கு மீட்டுத் தந்தனர். கருவியைக் கண்டு அஞ்சுதல் தமிழ்க் காப்பு ஆகாது. கருவியின் இயல்பறிந்து, அதற்குத் தமிழிற் பெயரிட்டு, நம் கையில் எடுத்துக்கொள்வதே காப்பாகும்.

இவ்வுரைக்கு அடிகோலியவர் என் பழைய மாணவர் ஒருவர். இம்மலையிற் பிறந்தவர், கீழே ஒரு தொழிலகத்தில் வேலை பார்த்தவர். அங்கே கழிவுநீர் இரவில் ஓடையில் திறந்துவிடப்படுவதைக் கண்டார். அவ்வோடை நீரைக் குடிப்போர் யாவர் என்பதும் அவர்க்குத் தெரியும். உரிய அலுவலகம் ஒன்றுக்குத் தம் பெயரிட்டு மின்மடல் விடுத்தார். மூன்றாம் நாள் அம்மடலின் படி அவருடைய மேலாளரின் மேசைமேல் இருந்தது. அந்தத் திங்கள் முடிவதற்குள் வேலை போயிற்று. என்னிடம் வந்து, “ஐயா, உண்மையைச் சொல்ல வேண்டும், சொன்னவன் யாரென்று தெரியலாகாது. இதற்கு ஒரு வழி உண்டா?” என்று வினவினார். அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர் அவரே தேடிக் கண்டறிந்து எனக்குக் கற்பித்தார். கற்றதை உங்கள்முன் வைக்கின்றேன்.

இம்மலையில் இவ்வினா புதியதன்று. 1980-களின் முற்பகுதியில் கொடைக்கானலில் வெப்பங்காட்டும் குழல் செய்யும் தொழிலகம் ஒன்று அமைந்தது. பின்னர் அஃது இந்துத்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் என்று நாம் வழங்கும் இதள் படிந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் பழம்பொருட் கிடங்கொன்றிற் கிடந்தது 2001-இல் வெளிப்பட்டது. தொழிலகம் அவ்வாண்டே மூடப்பட்டது. 2003-இல் கழிவில் ஒரு பகுதி அமெரிக்காவுக்குத் திருப்பி விடுக்கப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்க்கு உடன்பாடு எட்டியது 2016-இல். பதினைந்து ஆண்டுகள்! அத்தொழிலாளர் ஒன்றுகூடித் தம் பெயர் சொல்லியே நின்றனர். அவர்தம் துணிவுக்கு என் வணக்கம். ஆயின் கூட்டமாக நிற்பவர்க்கு இயல்வது தனியொருவர்க்கு இயல்வதில்லை. தீங்கு தொடங்கிய முதல் நாளிலேயே அதனை அறிபவர் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ ஆவர். அவர் வாய் திறக்க அஞ்சும் ஒவ்வோர் ஆண்டும் ஊர்க்கு இழப்பேயாகும்.

இங்கே ஒரு தடை எழும். “பெயரின்றி எழுதுவது மொட்டைக் கடிதம் அன்றோ? அது கோழையின் வேலை அன்றோ?” என்பீர்கள். ஞாயமான வினாவே. பெயரை மறைத்துப் பிறர்மேல் சேறு வீசுவார் என்றும் உளர். அவர்க்காக யான் பேசவில்லை. ஆயினும் பெயர் மறைத்தல் எல்லாம் இழிவென்று கொண்டால், நம் அகப்பாட்டையே இழிவென்று கொள்ள நேரும். அகத்திணை மாந்தரை இயற்பெயர் சுட்டிப் பாடலாகாது என்று நெறி வகுத்தவர் தொல்காப்பியர். தலைவன், தலைவி, தோழி என்றே வழங்கினர். உள்ளத்துண்மை ஊர்வாயில் அகப்பட்டு அலராகாமற் காத்த நெறி அது. குறுந்தொகையிற் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அறியப்படும் புலவர்களின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. அவர் பாட்டின் தொடரே அவர்க்குப் பெயராயிற்று. சொன்னவர் யார் என்பதைவிடச் சொன்னது என்ன என்பதை எடைபோடும் பழக்கம் நமக்கு அயலன்று. மொட்டைக் கடிதத்துக்கும் நான் சொல்லும் வெளிப்பாட்டுக்கும் வேறுபாடு சான்றில் உள்ளது. சான்று உடையது பெயரின்றியும் நிற்கும்.

இனிப் பொருளுக்கு வருவோம். நாம் நாளும் வழங்கும் இணையம் எவ்வாறு இயங்குகின்றது? கொடைக்கானற் பண்பலை 100.5-ஐ எண்ணிப் பாருங்கள். உச்சியில் ஒரு கோபுரம். அது பேசும், கீழுள்ள ஊர்கள் கேட்கும். கேட்பவர் யாரென்று கோபுரத்துக்குத் தெரியாது. இணையத்திலும் பெருநிறுவனங்களின் வழங்கிகள் கோபுரம்போல் நிற்கின்றன. வேறுபாடு ஒன்றுண்டு. இக்கோபுரம் தன்னைக் கேட்பவர் ஒவ்வொருவரையும் எண்ணிட்டுக் குறித்து வைத்துக்கொள்ளும். எவர், எங்கிருந்து, எந்நேரத்தில், எதைப் படித்தார் என்பன அதன் ஏட்டில் ஏறும். ஏட்டைக் கேட்பார்க்குக் கொடுக்க நேரும். கோபுரத்தைச் சாய்த்தால் எல்லாம் அடங்கும். 1999-இல் தோன்றிய நாப்சுடர் என்னும் இசைப்பகிர்வு அமைப்பு, பொருட்பட்டியலை நடுவண் கணினியில் வைத்திருந்தமையால், 2001-இல் வழக்குமன்ற ஆணையொன்றால் அடங்கிப் போயிற்று.

நடுவம் இல்லாத வலை ஒன்றுண்டு. அதிற் கலந்துகொள்ளும் கணினிகள் யாவும் கொடுப்பனவும் ஆகும், கொள்வனவும் ஆகும். இதனை ‘நிகரர் வலை’ என்று வழங்குவோம். அந்நிகரர் வலையிலேயே பேசுவார் பெயரும் இடமும் மறைந்திருக்குமாறு அமைத்தால் அது ‘பெயர்மறை நிகரர் வலை’. எடின்பரோ பல்கலைக்கழக மாணவராயிருந்த இயன் கிளார்க்கு என்பவர் வகுத்த பிரீநெட்டு 2000-இல் வெளிவந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் முளைத்த தோர் 2002-இல் வெளிவந்தது. 2003-இல் தொடங்கிய ஐ2பி என்பதே இன்று நாம் பேசப்போவது. ‘கண்ணுக்குத் தெரியா இணையத் திட்டம்’ என்பது அப்பெயரின் விரிவு. அதன் உள்ளமைப்பு எவரும் படித்துப் பார்க்கத்தக்கதாய்த் திறந்து கிடக்கின்றது, விலை இல்லை.

தோர் வலையின் முறைக்கு அதனை ஆக்கியோர் வெங்காய வழி என்று பெயரிட்டனர். ஐ2பி-யின் முறைக்குப் பூண்டு வழி என்று பெயர்! பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு விளைவிப்போரே, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு உரியோரே, இதனை உங்களைவிட எளிதில் அறிந்துகொள்வார் உளரோ?

வெங்காயத்தை உரித்தால் தோலுக்குள் தோலாய்ப் போகும். அதுபோல் செய்தியை மறையாக்கத்தால் பல உறைகளுள் இட்டு, இடைநிற்கும் கணினி ஒவ்வொன்றும் ஓர் உறையை மட்டும் உரிக்குமாறு செய்வது வெங்காய முறை. ஒவ்வொருவரும் தமக்கு முன்னவரையும் பின்னவரையும் மட்டுமே அறிவர். பூண்டிலோ ஒரு தோலுக்குள் பல பற்கள் உள்ளன. ஐ2பி-யில் ஒரு பொதிக்குள் பல செய்திகள் பற்களாய் அடங்கும். ஒவ்வொரு பல்லும் எங்கே போகவேண்டுமென்னும் குறிப்பு அதனுள்ளேயே இருக்கும். வெளியே நின்று பார்ப்பவர்க்கு ஒரு பூண்டு போவது தெரியும். எத்தனை பல், எவர்க்கு என்பன தெரியா.

செய்தி போகும் வழிக்குச் ‘சுருங்கை’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லை வழங்குகின்றேன். மதிலடியிற் கரந்து செல்லும் வழிக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. ஐ2பி-யின் சுருங்கைகள் ஒருவழிப் போக்குடையன. போகும் சுருங்கை வேறு, வரும் சுருங்கை வேறு. ஒவ்வொன்றிலும் பொதுவாக மூன்று இடைநிலைக் கணினிகள் இருக்கும். என் செய்தி என் புறச்செல் சுருங்கையைக் கடந்து, உம் அகவரு சுருங்கையின் வாயிலை அடைந்து, உம்மிடம் வரும். மறுமொழி வேறிரு சுருங்கைகள் வழியே திரும்பும். பத்து மணித்துளிக்கு ஒருமுறை பழைய சுருங்கைகள் கழிந்து புதியன அமையும். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியே ஏறும் பழைய நடைவழியில், ஒவ்வொரு வளைவிலும் சுமை ஆள் மாறி, அந்த ஆட்களும் நாழிகைக்கு நாழிகை மாறினால், இறுதியில் மூட்டையை வாங்குபவர் அதனை முதலிற் கட்டியவரை எவ்வாறு அறிவார்?

வலைக்கு நடுவண் பட்டியல் இல்லை. பல்லாயிரம் கணினிகளுட் சில, எவரெவர் வலையில் உளர் என்னும் குறிப்பைப் பகுத்து வைத்துக்கொள்கின்றன. ஒன்று வீழ்ந்தால் வேறொன்று அவ்விடத்தை நிரப்பும். மழைக்காலத்தில் மரம் வீழ்ந்து ஒரு சாலை அடைபடும்போது, காட்டுவழி அறிந்தவன் மறுவழியில் இறங்குவதுபோன்றது இது.

இனித் தொடங்கும் முறை. ஏடு வைத்திருப்போர் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மென்பொருளை அத்திட்டத்தாரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுக. நண்பர் ஒருவர் புலனத்தில் விடுத்த படியை நிறுவாதீர். உண்மைப் படிக்குரிய கைச்சாத்து அத்தளத்திலேயே தரப்பட்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். சாவா மொழியில் எழுதப்பட்ட முதன்மைப் படி ஒன்றும், ஐ2பிடி என்னும் சிறு படி ஒன்றும் உள. தொடக்கத்தார்க்கு முன்னதே ஏற்றது; வேண்டுவன யாவும் அதனுள் அடங்கியிருக்கும்.

இரண்டாவது, நிறுவி இயக்கியதும் உலாவியில் 127.0.0.1:7657 என்னும் முகவரியில் ஒரு பக்கம் திறக்கும். 127.0.0.1 என்பது கணினி தன்னைத் தானே அழைக்கும் எண். அஃது உம் வீட்டுத் திண்ணை, வெளியார்க்குத் தெரியாது. அங்கே மொழியையும், எவ்வளவு அலைவரிசையைப் பிறர்க்குப் பகிர்வீர் என்பதையும் கேட்கும்.

மூன்றாவது, பொறுத்திருக்க. முதன்முறை உம் கணினிக்கு வலையில் எவரையும் தெரியாது. அறியப்பட்ட சில வழங்கிகளிலிருந்து ஒரு தொடக்கப் பட்டியலைப் பெறும். இதனை அவர்கள் வித்திடல் என்கின்றனர். பூண்டுப் பல்லை ஊன்றிய மறுநாளே தோண்டிப் பார்ப்பவன் உழவன் அல்லன். சில மணித்துளிகளில் முளைக்கும். சில மணிநேரம் ஓடவிட்டால் வேர்பிடிக்கும். நாள்தோறும் இயக்குபவர்க்கே விரைவு கூடும்.

நான்காவது, இதற்கென்றே ஒரு தனி உலாவியை வைத்துக்கொள்க. அதன் இடையாள் அமைப்பில் 127.0.0.1 என்னும் முகவரியையும் 4444 என்னும் வாயில் எண்ணையும் இடுக. பின்னர் ‘ஐ2பி’ என முடியும் பெயர்களையுடைய தளங்கள் திறக்கும். ஒரு பெயரை முதன்முறை தேடும்போது, “முகவரிப் பொத்தகத்தில் இல்லை” என்னும் மறுமொழி வரலாம். இங்கே பெயர் வழங்கும் தலைமை நிலையம் கிடையாது. ஒவ்வொருவரும் தத்தம் பொத்தகத்தில் பெயர்களை எழுதிக்கொள்கின்றனர். பொது இணையத் தளங்களைப் பெயர் மறைத்துக் காண விரும்புவார்க்குத் தோர் ஏற்றது. ஐ2பி தன்னுள்ளேயே பேசிக்கொள்வார்க்கு உரியது.

ஐந்தாவது, பகிர்க. உம் செய்திக்குப் பிறர் கணினி வழிவிடுகின்றது. பிறர் செய்திக்கு உம் கணினி வழிவிட வேண்டும். வழிவிடும் செய்தி மறையாக்கம் பெற்றிருப்பதால் அதனை நீர் படிக்க இயலாது. இம்மலைக்குரிய வேளிர்மரபில் வந்த பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். மயிலிடம் அவன் ஏதும் கேட்கவில்லை. ஆயினும் கைப்பேசி வழியாக அளந்து வாங்கும் இணையம் உடையார், பகிர்வளவைக் குறைத்துக்கொள்க. இன்றேல் திங்கட் கணக்கு ஒரே நாளில் தீரும்.

ஆறாவது, நிறுத்தும்போது மின்னை வெடுக்கென்று பிடுங்காதீர். ‘நயமாக நிறுத்து’ என்னும் பொருளுடைய பொத்தானை அழுத்துக. உம் வழியே போய்க்கொண்டிருக்கும் சுருங்கைகள் முடியும்வரை, ஏறத்தாழ பதினொரு மணித்துளி காத்திருந்து கணினி தானே விலகும். விருந்தினர் உண்டு முடிக்குமுன் விளக்கை அணைப்பது தமிழ்ப் பண்பன்று.

ஏழாவது, சொந்தமாகப் பேச விரும்புவார்க்கு ஒரு தளமும் உடன் வருகின்றது. 127.0.0.1:7658-இல் அது காத்திருக்கும். எழுதிய பக்கங்களை உரிய கோப்புறையில் இட்டுச் சுருங்கையைத் திறந்தால், வலையிலுள்ள எவரும் படிக்கலாம். எங்கிருந்து வருகின்றது என்று அறியார். அத்தளத்தின் மறைத்திறவுக் கோப்பைப் படியெடுத்துக் காத்துக்கொள்க. அது தொலைந்தால் முகவரியும் தொலையும். மீட்டுத் தர ஒரு நிலையமும் இல்லை.

இனி எச்சரிக்கை. இதனைக் கேளாமல் எழுந்து செல்வீராயின், முன் கேட்டவை உமக்குத் தீங்காகவும் முடியலாம்.

நெடுநல்வாடையை எண்ணுங்கள். தலைவன் பெயரை நக்கீரர் சொல்லவில்லை. ஆயினும் வேலில் வேம்பு சூட்டியதைச் சொன்னார். வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பால் அது புறம் ஆயிற்று என்று உரையாசிரியர் கண்டுகொண்டார். பெயரை மறைத்தும் வேம்பு காட்டிக் கொடுத்தது! உம் ஒளிப்படத்துள் எடுத்த நாளும் இடமும் கைப்பேசியின் வகையும் பதிந்திருக்கும். அஃது ஒரு வேம்பு. ஆவணக் கோப்பில் எழுதியவர் பெயர் ஒளிந்திருக்கும். அஃது ஒரு வேம்பு. மூவர்க்கு மட்டுமே தெரிந்த செய்தியை வெளியிட்டால், மூவருள் ஒருவர் என்பது வெளிப்படை. உம் நடையே உம்மைக் காட்டும். பதினைந்து ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய எவரையும் கேட்டுப்பாருங்கள். பெயர்மறை உலாவியில் உம் முகநூல் கணக்கைத் திறந்தால், முகமூடி அணிந்து நெற்றியிற் பெயரெழுதியவர் ஆவீர்.

மேலும், நீர் ஐ2பி வழங்குகின்றீர் என்பதை இணையம் தருபவர் அறியக்கூடும். என்ன பேசுகின்றீர், எவரோடு பேசுகின்றீர் என்பனவே மறைவன. தொழிலகத்தின் கணினியில் இதனை நிறுவற்க. விரைவு குறைவு; படம் பார்ப்பதற்கு இதனை நாடற்க. இவ்வலையிலும் தீயோர் உளர். இருட்டிற் காவலனும் நடப்பான், கள்வனும் நடப்பான். இழிபொருள் கண்டால் விலகுக. குற்றத்துக்கு எக்கருவியும் காப்பாகாது.

‘மெய்நிகர் தனிவலை’ என விற்கப்படுவதை வாங்கினால் போதாதோ எனச் சிலர் கேட்பர். அங்கே உம்மை அறிந்தவர் ஒருவர் உளர், அவரே விற்பவர். 2022 ஏப்பிரலில் இந்திய நடுவணரசின் கணினிக்காப்பு அமைப்பு, அத்தகையோர் தம் வாடிக்கையாளரின் பெயர் முகவரிகளை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டுமென ஆணையிட்டது. நிகரர் வலையில் அவ்வாறு ஏடு வைத்திருப்பார் எவரும் இல்லை.

இணையமே அறுபட்டால் ஐ2பி-யும் நின்றுபோம். 2018 மே 22-இல் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தபின், தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டதை மறந்திரோம். அந்நாள்களில் இம்மென்பொருளும் பயன்பட்டிராது. இணையமின்றிக் கைப்பேசியிலிருந்து அருகிலுள்ள கைப்பேசிக்குச் செய்தி கடத்தும் பிரையர் போன்றவை வேறு உள. அப்பிரையர் உட்பட 14 செயலிகளை நடுவணரசு 2023 மே திங்களில் தடுத்தது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றம் எனப்படும் மீயுயர் நயன்மன்றம் 2017 ஆகத்து 24-இல் ஒன்பது நடுவர் அமர்ந்து தீர்ப்பளித்தது. காலவரையின்றி இணையத்தை நிறுத்தலாகாது என்று 2020 சனவரி 10-இல் அதே மன்றம் கூறிற்று. உரிமை ஏட்டில் உள்ளது. அதனை வழங்கத் தெரியாதவர்க்கு ஏட்டில் இருப்பதால் என்ன பயன்?

இறுதியாக ஒன்று. இதுபோன்ற மென்பொருளின் சொற்களை எவரும் தம் மொழியில் பெயர்த்துத் தரலாம். கேட்பார் இல்லை, தடுப்பாரும் இல்லை. நிகரர், சுருங்கை, பல், வித்திடல், மறைத்திறவு எனச் சில சொற்களை இன்று முன்வைத்தேன். இவற்றினும் நல்லன உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்; ஏற்றுக்கொள்வேன். அச்சத்தில் இருப்பவர் கற்கவேண்டிய கருவி அயன்மொழியில் மட்டும் இருந்தால், அவர் தம் இடரை இன்னொருவரிடம் சொல்லி உதவி கேட்க வேண்டும். அவர் மறைக்க விரும்பிய பெயர் அப்போதே வெளிப்பட்டுவிடும். தாய்மொழியிற் படித்துத் தனியே செய்துகொள்பவரே உண்மையிற் காப்புடையவர்.

என் மாணவர் இப்போது தந்தையின் தோட்டத்தில் பூண்டு விளைவித்து வடுகபட்டிச் சந்தைக்கு இறக்குகின்றார். இழந்த வேலை திரும்பவில்லை. முன்னரே இவ்வழி தெரிந்திருந்தால் இழந்திருக்க மாட்டார். அடுத்து ஓடையைக் காண்பவர் எவரோ, அவர் இன்று இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கலாம். அவர் பெயர் எனக்குத் தெரிய வேண்டா. அவர் சொல்லும் உண்மை ஊர்க்குத் தெரிந்தாற் போதும்.